ஓணான் குடிக்காத ரத்தம்

எங்கள் வீட்டு வரிசையில் இருந்த ஓணானைக் கொல்லவிடாமல் நான் மறித்து நின்றதை இன்றைக்கும் சிலர் கேலியாகச் சொல்கிறார்கள். கல்யாண வீட்டில் பார்த்தால்கூட, "என்ன, உங்க ஓணான் சௌக்கியமா?" என்று கேட்பார்கள். சௌக்கியமாகத்தான் இருந்தது என்று நானும் பதில் சொல்வேன். அது சௌக்கியமாக இருந்தே தீர வேண்டும் என்று நான் ஏன் பிடிவாதம் பிடித்தேன் என்பது கேட்கிறவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்த பாதிப் பேர் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அதனால் எழுதிவைக்கிறேன். ஏழாம் வகுப்பில் பாதியில் நின்றவள் நான். எழுத்தில் பிழை இருந்தால் இருக்கட்டும், பார்த்ததில் பிழை கிடையாது.

முதலில் என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். நான் தைரியசாலி இல்லை. அடுப்பை அணைத்துவிட்டுத் தெருமுனை வரைக்கும் போய், அணைத்தேனா இல்லையா என்று திரும்பி ஓடி வருகிறவள். வீட்டுக்காரர் பவர்லூமில் ஷிப்ட் முடிந்து கால் மணி நேரம் தாமதித்தால், பெல்ட்டில் கை மாட்டிக்கொண்டது என்று நானே முடிவுகட்டி, எந்த ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருப்பார்கள் என்பது வரைக்கும் யோசித்துவிடுவேன். அவர் டீ குடித்துவிட்டு வந்து நிற்பார். இந்தப் பயந்த புத்தியால் நான் பட்ட கஷ்டம் நிறைய. அந்த ஒரு வருஷம் மட்டும் அந்தப் பயமே எனக்கு உதவியது.

எழுபத்தொன்பதோ எண்பதோ, சரியாக நினைவில்லை. செல்லூரில் ஆறு வீடுகள் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு வரிசையில் குடியிருந்தோம். முன்பக்கச் சந்தில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் வாசற்படியில் ஏறி நிற்க வேண்டும். ஆனால் பின்பக்கம் எல்லா வீட்டுக்கும் பொதுவாகக் கொஞ்சம் இடம் இருந்தது. ஒரு குழாய், துவைக்கிற கல், ஒரு முருங்கைமரம், அதைத் தாண்டிக் கிளுவை வேலி. வேலிக்கு அப்பால் யாருடையது என்றே தெரியாத காலி மனை. அங்கேதான் காலையில் பிள்ளைகள் எல்லாம் போய்க் குந்தும்.

நான் பின்வாசலில் உட்கார்ந்து தார் சுற்றுவேன். தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற குச்சியில் நூல் ஏற்றுகிற வேலை. ராட்டையைச் சுற்றுகிற கைக்கு வேலை பழகிவிட்டால் கண்ணுக்கு வேலை இருக்காது. என் கண் முழுக்கப் பிள்ளை மேலேயே இருக்கும். மூன்றரை வயது அவளுக்கு. ஒரே மகள். அந்தச் சித்திரையில் அவள் வெளுக்கத் தொடங்கினாள்.

கறுப்பான பிள்ளை வெளுப்பது வேறு மாதிரி. சட்டென்று தெரியாது. உதடு முதலில் வெளுத்தது, பிறகு நகம். ஓடி விளையாடுகிறவள் படியில் உட்கார்ந்துகொண்டாள். நாலு எட்டு நடந்தால் தூக்கச் சொன்னாள். சுவரில் காரை பெயர்ந்த இடத்தில் விரலை விட்டு நோண்டி வாயில் போட்டுக்கொண்டாள். அடித்தும் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன். மந்திரித்துத் தாயத்துக் கட்டினேன். கண்ணேறு கழித்தேன். எதுவும் கேட்கவில்லை.

அடுத்த வீட்டு அக்காதான் காரணத்தைக் கண்டுபிடித்துச் சொன்னாள். சோழவந்தான் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். ஊரிலிருந்து வாரம் ஒருமுறை வெற்றிலைக் கட்டு வந்துவிடும், வாய் எந்நேரமும் சிவந்தே இருக்கும். என் பிரசவத்தின்போது தலைமாட்டில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவள் அவள்தான். கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. இதை நான் அழுத்தியே சொல்கிறேன், ஏனென்றால் இனிமேல் அவளோடு நான் போட்ட சண்டையைத்தான் எழுதப் போகிறேன்.

ஒருநாள் காலை பத்து மணி இருக்கும். அக்கா என் தோளைத் தொட்டு முருங்கையைக் காட்டினாள். அடிமரத்தில் ஆள் உயரத்தில் ஓர் ஓணான். தலையிலிருந்து தோள் வரைக்கும் செக்கச்செவேல் என்று இருந்தது. தாடைக்குக் கீழே கன்னங்கரேல் என்று ஒரு திட்டு. என் மகள் படியில் உட்கார்ந்திருந்தாள். அது அவளைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தது.

"இம்புட்டு நாளா என்ன ஏதுன்னு கேட்டுக்கிட்டு இருந்தியே, அந்தா உக்காந்திருக்கான் பாரு குடிச்சுப்புட்டு," என்றாள் அக்கா. "கழுத்தைப் பாரு. அம்புட்டும் உன் மக ரத்தம்டி."

எங்கள் பக்கத்தில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஓணான் இருந்த இடத்திலிருந்தே தொப்புள் வழியாக ரத்தத்தை உறிஞ்சும், உறிஞ்சினால் கழுத்து சிவக்கும். பள்ளிக்கூடம் போகும்போது வேலியில் ஓணானைக் கண்டால் நாங்கள் எல்லோரும் கையால் தொப்புளைப் பொத்திக்கொண்டு கடப்போம். அணில் ராமருக்கு இளநீர் கொடுத்தது, ஓணான் மூத்திரத்தைக் கொடுத்தது என்று ஒரு கதையும் உண்டு. அதனால் ஓணானை அடிப்பது பாவத்தில் சேராது. பையன்கள் ஈர்க்குச்சி முனையில் சுருக்குப் போட்டு, அதன் கழுத்தில் மாட்டி இழுத்து, மூக்குப்பொடியை வாயில் திணித்து ஆடவிட்டுக் கொல்வார்கள். யாரும் தடுத்துப் பார்த்ததில்லை.

நானும் நம்பினேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் ஓடி, பழைய சேலையைக் கிழித்து வயிற்றைச் சுற்றிக் கட்டினேன். சாயங்காலம் பையன்கள் அந்த ஓணானைப் பிடித்துக் கொன்றார்கள். நான் அவர்களுக்குப் பொரிகடலை கொடுத்தேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் கொடுத்தது கொடுத்ததுதான்.

பிள்ளை தேறவில்லை. ஒரே வாரத்தில் அதே முருங்கையில், அதே உயரத்தில், இன்னொரு ஓணான் வந்து உட்கார்ந்தது. அதுவும் சிவந்தது. அது போய் இது வந்துவிட்டது என்று அக்கா சொன்னாள். இந்த இரண்டாவது கொஞ்சம் விவரமானது. சுருக்குக் குச்சி தெரிந்தாலே மரத்தின் மறுபக்கம் சுற்றிக்கொண்டு உச்சிக்கு ஏறிவிடும். பையன்கள் சலித்துப் போனார்கள். என்னால் சலித்துக்கொள்ள முடியுமா? என் பிள்ளையின் ரத்தம் அல்லவா. அதனால் அதைக் காவல் காக்கத் தொடங்கினேன். கை ராட்டையில், கண் முருங்கையில்.

பயந்தவள் காவல் காத்தால் எப்படி இருக்கும் தெரியுமா? ஒரு நொடி தப்பாது. அது எப்போது சிவக்கிறது என்று தெரிந்தால் அந்த நேரத்தில் பிள்ளையை உள்ளே வைத்துக்கொள்ளலாம் என்பது என் திட்டம். பின்கதவில் கரித்துண்டால் கோடு போட்டேன். சிவந்தால் ஒரு கோடு. அப்போது பிள்ளை வெளியே இருந்தால் கோட்டின் மேல் ஒரு சுழி.

விடிந்து வெயில் ஏறும்போது அது கறுத்துப்போய் இருக்கும். மரத்தோடு ஒட்டி, உடம்பைத் தட்டையாக்கி, வெயில் படுகிற பக்கமாகச் சாய்ந்துகொள்ளும். சூடு ஏற ஏற நிறம் வெளிறி வைக்கோல் மாதிரி ஆகும். பிறகு தன் இடத்துக்கு ஏறும். மரத்தில் அதற்கென்று ஓரிடம் இருந்தது, தினமும் அதே கணு. அங்கே உட்கார்ந்து எறும்பைப் பொறுக்கும். வெட்டுக்கிளி வந்தால் ஒரே பாய்ச்சல், பிறகு அதே கணுவுக்குத் திரும்பி வந்து மென்று தின்னும். பல்லி மாதிரி அப்படியே விழுங்காது. பொழுது சாய்ந்தால் மெல்லிய கிளையின் நுனிக்குப் போய்த் தூங்கிவிடும். தூங்கும்போது வெளிறிப்போய் இலைக்காம்பு மாதிரி தெரியும். சின்னக் கிளையில் படுத்தால் பாம்பு ஏறினாலும் ஆட்டத்தில் தெரிந்துவிடும் என்று நானே காரணம் சொல்லிக்கொண்டேன். நானாக இருந்தாலும் அங்கேதான் படுப்பேன்.

எப்போது சிவந்தது? அதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. கோடுகள் கூடிக்கொண்டே போயின, சுழிகள் கூடவில்லை. பிள்ளை உள்ளே தூங்கிக்கொண்டிருக்கும்போது சிவந்தது. பிள்ளை அதன் கண்ணெதிரே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தபோது வைக்கோல் நிறத்திலேயே இருந்தது. பிறகு ஒருநாள் பிடிபட்டது. குழாயடிப் பக்கம் வேலிக்கம்பில் இன்னொரு ஆண் ஓணான் இருந்தது. அது தன் கம்பிலிருந்து இறங்கி இந்தப் பக்கம் தலைகாட்டினால் போதும், முருங்கையில் இருப்பது முன்கால்களை ஊன்றித் தண்டால் எடுக்கும். இரண்டு தண்டால், மூன்று தண்டால், அதற்குள் தலை சிவந்துவிடும். அது தலையாட்டியது என் மகளைப் பார்த்து இல்லை. அவளுக்குப் பின்னால் இருந்த வேலியைப் பார்த்து.

ஆனி மாதத்தில் அவை இரண்டும் துவைக்கிற கல்லின் மேல் சண்டை போட்டன. பின்காலில் எழுந்து நின்று ஒன்றின் தாடையை ஒன்று கவ்விக்கொண்டு புரண்டன. இரண்டுமே மிளகாய்ப்பழம் மாதிரி சிவந்திருந்தன. கடைசியில் வேலிக்காரன் தோற்றது. தோற்ற மறுநொடி அதன் சிவப்பு வடிந்து, மண் நிறமாகிக் கல்லை விட்டு இறங்கிப் போனது.

நான் ராட்டையை நிறுத்திவிட்டேன். அதற்குள் இருந்தது என் மகளின் ரத்தம் என்றால், தோற்றவுடன் அந்த ரத்தம் எங்கே போயிற்று?

இந்தக் கேள்வி வந்த பிறகு எனக்குத் தூக்கம் போய்விட்டது. ஓணான் என்று நம்பிக்கொண்டிருந்தபோது பயத்துக்கு ஓர் உருவம் இருந்தது. ஓணான் இல்லை என்றால் எது? எது என் பிள்ளையைத் தின்கிறது?

அந்தச் சமயத்தில் வண்டியூரிலிருந்து என் அம்மா வந்தாள். அண்ணன் மகனுக்குக் காது குத்து. எனக்கு அவசரமாக முடித்துக் கொடுக்க வேண்டிய நூல் இருந்ததால் பிள்ளையை மட்டும் அனுப்பினேன். பத்து நாள். பஸ் கவிழ்ந்துவிடுமோ, தெப்பக்குளத்துப் படியில் இறங்கிவிடுவாளோ என்று நான் பட்ட பாட்டைத் தனியாகத்தான் எழுத வேண்டும். ஆனால் அந்தப் பத்து நாளும் முருங்கையைப் பார்ப்பதை நான் நிறுத்தவில்லை. பத்து நாளும் அது சிவந்தது. வெற்றி பெற்ற திமிரில் முன்னைவிட அதிகமாகவே சிவந்தது. என் மகள் வண்டியூரில், இது செல்லூரில். நடுவில் மொத்த மதுரையும் இருக்கிறது.

அக்காவிடம் போய்ச் சொன்னேன். அவள் அசரவில்லை. கண்ணில் ஒருமுறை பட்டால் போதும், அதற்குத் தூரம் கிடையாது என்றாள். அப்படியானால் குழாயடியில் தினமும் நிற்கிற நாமெல்லாம் வெளுத்துச் செத்திருக்க வேண்டுமே என்றேன். பெரியவர்களிடமிருந்து அதற்கு ரத்தம் வராது என்றாள். எதைச் சொன்னாலும் அவளிடம் ஒரு பதில் தயாராக இருந்தது. நான் பார்த்ததைச் சொன்னேன், அவள் கேட்டதைச் சொன்னாள்.

பிள்ளை திரும்பி வந்தபோது முகம் சற்று ஊதியிருந்தது. மறுநாள் காலையிலேயே நான் அவளைத் தூக்கிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். வீட்டுக்காரரிடம் கேட்கவில்லை, சொன்னேன். கல்யாணமாகி அப்படி ஒரு காரியம் செய்தது அதுதான் முதல்முறை. பஸ்ஸில் ஏறியதும் அவள் வயிற்றைச் சுற்றியிருந்த துணியை அவிழ்த்துச் சுருட்டிப் பைக்குள் போட்டேன். டாக்டர் பார்த்துவிடக் கூடாது என்று.

டாக்டர் ஒரு பெண். வரிசையில் நின்று நின்று என் தைரியமெல்லாம் வடிந்த பிறகுதான் உள்ளே கூப்பிட்டார்கள். அவர் பிள்ளையின் கீழ் இமையைப் பெருவிரலால் இழுத்துப் பார்த்தார். பிறகு என் இமையையும் இழுத்துப் பார்த்தார். என் முகத்துக்கு முன்னால் ஒரு சின்னக் கண்ணாடியை நீட்டி, "உங்க கண்ணு உள்பக்கம் எப்படி இருக்கு பாருங்க, இப்ப பாப்பாவோடதப் பாருங்க," என்றார். என்னுடையது இளஞ்சிவப்பு. அவளுடையது வெள்ளைத்தாள். இத்தனை மாதம் அவள் உதட்டையும் நகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தேன், இமையை ஒருநாளும் இழுத்துப் பார்க்கத் தோன்றவில்லை.

பிள்ளை செருப்புப் போடுமா, வெளிக்கு எங்கே போகும், மண் தின்னுமா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். இடுப்பைச் சுற்றி வேர்க்குரு வரிவரியாக இருந்ததைப் பார்த்துவிட்டு இது என்ன என்றார். அதற்கு மட்டும் நான் வாயைத் திறக்கவில்லை. அவர் சொன்னபடி மறுநாள் பிள்ளை வெளிக்குப் போனதைத் தீப்பெட்டியில் கொண்டுபோய்க் கொடுத்தேன். கொக்கிப்புழு என்றார்கள். வெளிக்கிருக்கிற மண்ணில் கிடந்து, வெறுங்கால் வழியாக ஏறி, குடலில் கொக்கி போட்டுத் தொங்கிக்கொண்டு ரத்தத்தைக் குடிக்குமாம். புழுவுக்கு மாத்திரை, ரத்தத்துக்கு டானிக், காலுக்குச் செருப்பு.

வீட்டுக்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "கண்ணுக்குத் தெரியுற ஓணானை நம்ப மாட்ட. தெரியாத புழுவை நம்புவ," என்றார்.

நியாயமான பேச்சுதான். எனக்கே அந்தச் சந்தேகம் இருந்தது. புழுவை நான் பார்த்தேனா என்ன? ஆனால் ஓணானைப் பார்த்திருந்தேன். இரண்டு மாதம் விடாமல் பார்த்திருந்தேன். அது இல்லை என்பது மட்டும் எனக்கு உறுதியாகத் தெரியும். மிச்சத்தை டாக்டர் பொறுப்பில் விட்டேன்.

டானிக் கொடுத்து ஒரு வாரம் ஆகியிருக்கும். ஒருநாள் காலை பிள்ளை வெளிக்குப் போனது கன்னங்கரேல் என்று ரோட்டுத் தார் மாதிரி இருந்தது. நான் பார்ப்பதற்கு முன்பே வேலியோரம் இருந்த இரண்டு பெண்கள் பார்த்துவிட்டார்கள். செத்த ரத்தம் வெளியே வருகிறது, இங்கிலீஷ் மருந்து குடலை அறுத்துவிட்டது, ஓணான் முழுக்கக் குடித்து முடிக்கப் போகிறது என்று வரிசை முழுக்கச் செய்தி போய்விட்டது. நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட முகம் கழுவிக்கொண்டிருந்தேன். அதற்குள் பின்பக்கம் சத்தம் கேட்டது. அக்கா பையன்களைத் திரட்டியிருந்தாள். சுருக்குக் குச்சிகள், கவண், ஒரு நீளத் தொரட்டி. ஒருத்தன் மரத்தில் காலை வைத்துவிட்டான்.

ஓணான் மேலே தன் கணுவில் இருந்தது. சிவந்தும் இருந்தது, சனியன்.

நான் போய் மரத்தடியில் முதுகை வைத்து நின்றேன். இடுப்பில் பிள்ளை. ஏறியவனை இறங்கச் சொன்னேன். அக்கா என்னைத் தள்ளி நிற்கச் சொன்னாள். பிள்ளையைக் காவு கொடுக்கப் போகிறாயா என்றாள். நான் நகரவில்லை.

"ஒனக்கு என்ன கிறுக்கா? பாரு, இப்பக்கூடச் செவந்து போயி உக்காந்திருக்கு."

"வெத்தலை போட்டு உங்க வாயும்தான்க்கா செவந்திருக்கு. அது யாரு ரத்தம்?"

குழாயடியில் யாரோ சிரித்துவிட்டார்கள். அக்காவின் முகம் செத்துப்போயிற்று. அவளிடம் நான் அதற்கு முன் அப்படிப் பேசியதே இல்லை. சொன்ன பிறகு திரும்ப எடுக்க முடியாது, எடுக்கவும் எனக்கு விருப்பமில்லை.

"நான் சொல்றதைக் கேளுங்க," என்றேன். "இதை இன்னைக்குக் கொன்னு, அடுத்த மாசம் என் மக தேறினா, ஓணான் செத்ததுனாலதான் தேறுச்சும்பீங்க. அப்புறம் எந்தப் புள்ள வெளுத்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டீங்க. சுருக்கைத் தூக்கிட்டு வேலிக்குத்தான் போவீங்க. அதனால இது உசுரோட இருக்கணும். இது செவந்து செவந்து இங்கயே உக்காந்திருக்கும்போதுதான் என் மக தேறணும்."

"தேறலைன்னா?" என்று பின்னாலிருந்து வந்தது வீட்டுக்காரரின் குரல். யாரோ தறிக்கூடத்துக்கு ஆள் அனுப்பி அழைத்து வந்திருக்கிறார்கள். தலைமுடியெல்லாம் பஞ்சுத் தூசி.

அந்தக் கேள்வியைத்தான் நான் ஒவ்வொரு நிமிஷமும் எனக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவர் பிள்ளையைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், எல்லோரும் பார்க்கிறார்கள் என்பதையும் பார்த்தார். "பொரட்டாசி முடியுற வரைக்கும் பொறுக்குறேன். அதுக்குள்ள புள்ளைக்கு நிறம் வரலைன்னா மரத்தையும் வெட்டுவேன், வேலியையும் வெட்டுவேன். அதுக்கப்புறம் நீ ஆஸ்பத்திரிப் பக்கம் போகக் கூடாது."

சரி என்றேன். அதே ஈரத்தோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். மருந்து கொடுக்கிற நர்ஸம்மா கேட்டுவிட்டுச் சிரித்தார். டானிக்கில் இருப்பது இரும்பு, குடித்தால் கறுப்பாகத்தான் போகும், இதை அன்றைக்கே சொல்லவில்லையா என்றார். சொன்னார்களோ என்னவோ, என் காதில் விழவில்லை. அழுதுகொண்டே பஸ் ஏறினேன்.

அந்த இரண்டு மாதம் எப்படிப் போனது என்று எனக்குத்தான் தெரியும். முன்பு ஒரு கவலை இருந்தது, இப்போது இரண்டு. பிள்ளை தேற வேண்டும். ஓணான் சாகக் கூடாது. காக்கை முருங்கையில் உட்கார்ந்தால் கல்லெடுத்தேன். கடைசி வீட்டுப் பூனைக்குக் கருவாட்டுத் தலையைப் போட்டு முன்வாசல் பக்கமாகப் பழக்கினேன். மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டபோது மகளுக்காக என்றுதான் வாய்விட்டுச் சொன்னேன், மனசுக்குள் ஓணானையும் சேர்த்துக்கொண்டேன். ஆவணியில் ஒருநாள் முழுக்க அதைக் காணவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. யாரோ தெரியாமல் அடித்துவிட்டார்கள் என்று முடிவே கட்டிவிட்டேன். மறுநாள் பார்த்தால் மரத்துக்குப் பின்பக்கம் தோலுரித்துக்கொண்டிருக்கிறது. பாம்பு மாதிரி முழுதாக உரிக்காது, கிழிசல் கிழிசலாக உரிக்கும். தோளில் ஒரு துண்டு பழைய பனியன் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. அடப்பாவி என்று வாய்விட்டுத் திட்டினேன். வரிசையில் யாரும் என்னோடு பேசாத நாட்கள் அவை. ஓணானையாவது திட்டிக்கொண்டிருந்தேன்.

புரட்டாசி பிறந்து ஒரு மழை பெய்தது. மறுநாள் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், ஈரமண்ணில், பெண் ஓணான் ஒன்று குழி பறித்தது. பெண்ணுக்கு இந்தச் சிவப்பெல்லாம் கிடையாது, மண் நிறத்தில் முதுகில் கோடு போட்டிருக்கும், அதனால் யார் கண்ணிலும் படாது. முன்காலால் மண்ணைத் தள்ளித் தள்ளி, தலை உள்ளே போகிற அளவுக்குத் தோண்டிவிட்டுத் திரும்பி உட்கார்ந்து முட்டையிட்டது. வெள்ளை வெளேரென்று பத்துக்கு மேல் இருக்கும். பிறகு மண்ணை இழுத்து மூடித் தாடையால் இடித்து இடித்துச் சமப்படுத்தியது. நான் எங்கள் வீட்டுத் தரையை இடிப்பது மாதிரியே இருந்தது. வேலை முடிந்ததும் திரும்பிக்கூடப் பார்க்காமல் வேலிக்குள் போய்விட்டது. அது ஒன்றுதான் எனக்குப் புரியவில்லை. முட்டையை மண்ணில் விட்டுவிட்டு எப்படி ஒரு தாய் நிம்மதியாகப் போக முடியும்? நான் அந்த இடத்தில் ஓர் ஓட்டுத்துண்டைச் சாய்த்து வைத்தேன், யாரும் துவைத்த தண்ணீரை ஊற்றாமல் இருக்க.

மகள் அதை என் பக்கத்தில் குந்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். செருப்புக் காலோடு. ஓணான் போன பிறகு எழுந்து குழாய்வரைக்கும் ஓடிப் போய்க் கையைக் கழுவிவிட்டு ஓடி வந்தாள். போனபோதும் ஓட்டம், வந்தபோதும் ஓட்டம். நான் அப்போதுதான் கவனித்தேன். அவளைப் பிடித்து வெயில் பக்கம் திருப்பி, கீழ் இமையை இழுத்தேன். நான் அழுத்திப் பிடித்ததில் அவள் சிணுங்கினாள். மாதுளை முத்து மாதிரி இல்லை, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் சிவப்பு. சந்தேகமில்லாத சிவப்பு.

நான் சத்தம் போட்டு ஆறு வீட்டையும் கூப்பிட்டேன். என் குரல் அவ்வளவு பெரியது என்பது எனக்கே தெரியாது. என்னவோ ஏதோ என்று ஓடி வந்தார்கள். ஷிப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருந்த வீட்டுக்காரரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தார். பிள்ளையின் இமையை இழுத்துக் காட்டினேன். பிறகு முருங்கையைக் காட்டினேன். அது மேலே கணுவில், வேலிக்காரனைப் பார்த்துத் தண்டால் எடுத்துக்கொண்டிருந்தது. தலையிலிருந்து தோள்வரைக்கும் சிவப்பு.

"ரெண்டையும் பாத்துக்கங்க," என்றேன். "ரெண்டும் செவப்பு. யாரு யாரு ரத்தத்தைக் குடிச்சதுன்னு இப்பச் சொல்லுங்க."

வீட்டுக்காரர் பிள்ளையைத் தூக்கி இமையை இரண்டாவது முறை இழுத்துப் பார்த்தார். அக்காதான் முதலில் வாயைத் திறந்தாள். பாவம், அந்த ஓணானுக்கே பிள்ளை மேல் இரக்கம் வந்து விட்டுவிட்டது என்றாள். இரண்டு பேர் தலையாட்டினார்கள். நான் தலையாட்டவில்லை. அவர்கள் வாயால் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று அன்றைக்கு நினைத்தேன், நடக்கவில்லை. மரம் வெட்டப்படவில்லை, எனக்கு அது போதும்.

ஐப்பசி கடைசியில் ஓணான்கள் சிவப்பு வடிந்து மரப்பட்டை நிறமாகிவிட்டன. பனிக்காலத்தில் அவற்றுக்குச் சண்டையும் கிடையாது, நிறமும் கிடையாது. ஓட்டுத்துண்டுக்குக் கீழே இருந்தவை கார்த்திகையில் குஞ்சுகளாக வெளியே வந்தன. விரல் நீளம் உடம்பு, அதைப்போல் இரண்டு மடங்கு வால். பிறந்த அன்றைக்கே தலையாட்டின.

தை பிறந்த பிறகு அக்காவின் மூத்த மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். ஒருநாள் காலை நான் தார் சுற்றிக்கொண்டிருந்தபோது அக்கா பின்வாசலுக்கு வந்து நின்றாள். ஆறு மாதமாக எங்களுக்குள் பேச்சு இல்லை. அவள் என்னைப் பார்க்காமல் குழாயைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"இவளுக்குக் கண்ணை இழுத்துப் பாத்தேன். உள்ள வெள்ளையா இருக்கு."

நான் ராட்டையை நிறுத்தினேன். எத்தனை மாதம் என்று கேட்டேன். ஏழு என்றாள்.

"எந்த பஸ்ஸுல போகணும், எந்த வரிசையில நிக்கணும்னு சொல்லு. நான் கூட்டிட்டுப் போறேன்."

"நீங்க தனியாப் போனா நாள் பூரா நிக்கணும். செருப்பை மாட்டிக்கிட்டு வாங்க, நானும் வாரேன்," என்றேன்.

அவள் மகள் வந்தாள். முந்தானைக்குள் வயிற்றைச் சுற்றி ஒரு துணி இறுக்கமாகக் கட்டியிருந்தது தெரிந்தது. அவிழ்க்கச் சொல்ல வாயெடுத்தேன். பிறகு விட்டுவிட்டேன். அதை டாக்டர் பார்த்துக்கொள்ளட்டும் என்று கதவைப் பூட்டினேன். தெருமுனை வரைக்கும் போய், பூட்டினேனா என்று ஒருமுறை திரும்பி வந்து பார்த்துவிட்டு, அவர்களோடு பஸ் ஏறினேன்.